200-500க்கு டெலிகன்வெர்ட்டர் வாங்கலாமா? வேடந்தாங்கல் போய் நொந்து வந்தவனின் கேள்வி

மடையான் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் நிக்கான் டி7500 இருக்கிறது. போன வருடம் கைமாறி வந்த 200-500 எஃப் 5.6 லென்ஸ் ஒன்றை வாங்கினேன். அன்று வீட்டில் கிடைத்த அர்ச்சனையை எழுத இங்கே இடம் போதாது. மூன்று ஞாயிறாக வேடந்தாங்கல் போய் வருகிறேன். கரையில் நின்று 500இல் வைத்து எடுத்தால் ஏரிக்குள் நிற்கும் மரம் முழுக்க வருகிறது, மரத்தில் இருக்கும் நாரை கட்டைவிரல் அளவுக்குத்தான் வருகிறது. கிராப் செய்து பெரிதாக்கினால் இறகில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வெண்ணெய் தடவினாற்போல் வழவழவென்று இருக்கிறது.

இரண்டு யோசனை ஓடுகிறது. ஒன்று, நிக்கானின் 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டர் (டிசி-14இ, மூன்றாம் பதிப்பு), லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி உருவத்தைப் பெரிதாக்குவது. 500 என்பது 700 ஆகிவிடும். இன்னொன்று, எல்லாவற்றையும் விற்றுவிட்டு நிக்கானின் மிரர்லெஸ் இசட் கேமரா பாடியும் 180-600 லென்ஸும். அதற்குத் தவணை போட வேண்டும், மறுபடி அர்ச்சனை. அலுவலக நண்பர் ஒருவர் "2 மடங்கு கன்வெர்ட்டரே வாங்கிடு, ஆயிரம் எம்எம் ஆயிடும்" என்கிறார். எதைச் செய்யலாம்?

பூனைப்பருந்து (ஞாயிறு, இரவு 10.15)

ஆயிரம் எம்எம் சொன்ன நண்பரிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியே இருங்கள்.

1.4 போட்டால் ஒரு ஸ்டாப் ஒளி, அதாவது பாதி ஒளி, போகும்; எஃப் 5.6 என்பது எஃப் 8 ஆகும். 2 போட்டால் இரண்டு ஸ்டாப், அதாவது எஃப் 11. டி7500இல் 51 ஃபோகஸ் புள்ளிகள் இருக்கின்றன. எஃப் 8இல் அவற்றில் நடுப்புள்ளி ஒன்றுதான் வேலை செய்யும். எஃப் 11இல் அதையும் நம்ப முடியாது. பறந்து வருகிற கூழைக்கடாவை அந்த ஒற்றைப் புள்ளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேமராவைத் திருப்ப வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் நடுப்புள்ளியும் முன்னும் பின்னும் அலைய ஆரம்பிக்கும். பறவை இறங்கி, இறக்கையை மடக்கி, குஞ்சுக்கு ஊட்டியும் முடித்த பிறகு "பீப்" என்று ஒரு சத்தம் வரும்.

டி7200இல் இதே ஜோடியை ஒரு சீசன் முழுக்க வைத்திருந்தவன் சொல்கிறேன். உட்கார்ந்திருக்கும் பறவை, நல்ல வெளிச்சம் என்றால் சரி. மற்ற நேரமெல்லாம் கன்வெர்ட்டர் பையில்தான் கிடந்தது. ஏரிக்கரைக் காற்றில் கழற்றி மாட்டி சென்சாரில் தூசி சேர்ந்ததுதான் மிச்சம்.

ஓசிஜீப் (ஞாயிறு, இரவு 10.31)

கன்வெர்ட்டர் காசுக்கு ஒரு பரிசல் வாங்கலாம். வனத்துறை பிடித்தால் நான் பொறுப்பில்லை.

கணக்குப்பிள்ளை (திங்கள், காலை 7.05)

பரிசல் என்று அவர் விளையாட்டாகச் சொன்னாலும் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது. போட்டே காட்டுகிறேன்.

மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். அது 100 மீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 500 எம்எம் லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் 5 எம்எம் உயரத்துக்கு விழும். டி7500 சென்சாரின் அகலம் 23.5 எம்எம், அதில் 5568 பிக்சல். ஆக, நாரைக்குக் கிடைப்பது சுமார் 1185 பிக்சல். கன்வெர்ட்டர் போட்டால் 1660. கன்வெர்ட்டர் இல்லாமலே 50 மீட்டருக்கு வந்துவிட்டால் 2370. அதுவும் ஒரு ஸ்டாப்கூட இழக்காமல், நடுவில் இருக்கும் காற்றும் பாதியாகி.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒன்று. லென்ஸின் எம்எம்மை எஃப் எண்ணால் வகுத்துப் பாருங்கள். ஒளி நுழையும் ஓட்டையின் விட்டம் வரும். 500ஐ 5.6ஆல் வகுத்தால் 89 எம்எம். கன்வெர்ட்டர் போட்ட பிறகும் அதே 89தான், ஏனென்றால் முன்பக்கக் கண்ணாடி மாறவில்லை. பறவையிலிருந்து வரும் ஒளி அதிகமாகாது, அதே ஒளி பெரிய பரப்பில் பரவும். தோசை மாவு அதே ஒரு கரண்டிதான், அகலமாக இழுத்தால் மெலிசாகும்.

நீங்கள் ஆசைப்படும் 180-600ஐயும் வகுத்துப் பாருங்கள். 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95. பரப்பில் பார்த்தால் 14 சதவீதம் கூடுதல் ஒளி. "தூரம்" என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் தவணை போடுகிறீர்கள் என்றால் அந்த 14 சதவீதத்துக்குத்தான் போடுகிறீர்கள். உண்மையில் தூரத்தை வாங்க வேண்டுமென்றால் 600 எஃப் 4 வேண்டும், 150 எம்எம் ஓட்டை. அதன் விலையை இங்கே எழுதினால் வீட்டம்மா யாராவது படித்துவிடப் போகிறார்கள்.

சோலைமந்தி (திங்கள், காலை 11.20)

கணக்குப்பிள்ளை அண்ணே, கணக்கு சரிதான். ஆனால் வால்பாறைக்கு வாங்க. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு ரோட்டோரமே வந்து உட்காரும். அங்கே தூரம் பிரச்சினையே இல்லை, இருட்டுதான் பிரச்சினை. பலா மரத்துக்கு அடியில் மதியம் இரண்டு மணிக்கும் ஐஎஸ்ஓ 3200 கேட்கும். நான் 70-200 எஃப் 2.8தான் கொண்டு போவேன். "டெலி லென்ஸ் எவ்வளவு நீளம்" என்று கேட்பதற்கு முன்னால் "எந்தக் காடு" என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இருவாச்சிக்கு மட்டும் கேனான் ஆர்எஃப் 100-500. ஒன்றரைக் கிலோதான், மலை ஏறும்போது தோள்பட்டை வாழ்த்தும். அதன் ஓட்டை 70 எம்எம்தான் என்று இப்போதுதான் வகுத்துப் பார்த்தேன், அது வேறு கதை. இந்த லென்ஸில் கன்வெர்ட்டர் போட நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 300இலிருந்து 500 வரை நீட்டிய நிலையில்தான் மாட்ட முடியும். கன்வெர்ட்டரின் முன்கண்ணாடி லென்ஸுக்குள் நுழைந்து நிற்பதால் அப்படி. மாட்டியபடி சுருக்கிப் பைக்குள் வைக்க முடியாது. பை வாங்குவதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்.

மடையான் (திங்கள், இரவு 9.10)

அனைவருக்கும் நன்றி. தோசை மாவு நன்றாகப் புரிந்தது.

ஆனால் 50 மீட்டருக்கு எப்படி வருவது? கரையை விட்டு இறங்கவே கூடாது. இறங்கவும் மாட்டேன். போன வாரம் ஒருவர் கரைச் சரிவில் இறங்கி நின்றார், அந்தப் பக்கத்து மரத்திலிருந்த நத்தைக்குத்தி எல்லாம் ஒரேயடியாக எழும்பிவிட்டன, கூட்டில் குஞ்சுகள் வெயிலில். பார்க்கவே சகிக்கவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம். கன்வெர்ட்டர் அவ்வளவு உதவாது என்றால் எதற்காகத்தான் செய்கிறார்கள்?

தும்பிப்பித்தன் (திங்கள், இரவு 10.02)

என்னைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

கன்வெர்ட்டரைத் தூரத்துக்கு என்று வாங்குபவர்கள்தான் ஏமாறுகிறார்கள். அது கிட்டத்துக்கு! லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் செய்யுமோ அந்தத் தூரம் கன்வெர்ட்டர் போட்டாலும் மாறாது, உருவம் மட்டும் 1.4 மடங்கு பெரிதாகும். என்னிடம் நிக்கான் 300 எஃப் 4 பிஎஃப் இருக்கிறது, 755 கிராம். 1.4 மீட்டரில் ஃபோகஸ் செய்யும். வெறும் லென்ஸில் 0.24 மடங்கு, கன்வெர்ட்டரோடு 0.34. கன்வெர்ட்டர் 190 கிராம், இரண்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்கும் குறைவு. கிணற்றடியில் கோரைப்புல் நுனியில் உட்கார்ந்திருக்கும் தட்டானை, அது பயப்படாத தூரத்தில் நின்று, கண்ணில் உள்ள அறுகோணங்கள் தெரியும் அளவுக்கு எடுக்கலாம். சென்சாருக்கும் தட்டானுக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் காற்றுதான். அதில் என்ன அலை அடிக்கப் போகிறது? எஃப் 5.6இல் ஃபோகஸும் எல்லாப் புள்ளியிலும் வேலை செய்கிறது.

உங்கள் 200-500உம் 2.2 மீட்டர் வரை கிட்டே வரும். வீட்டுச் செம்பருத்தியில் தேன்சிட்டு வந்தால் கன்வெர்ட்டர் அங்கே சோறு போடும். எட்டு மீட்டரில் இருக்கும் சின்னக் குருவி, இன்னும் ஓரடி வைத்தால் பறந்துவிடும், வெளிச்சம் நன்றாக இருக்கிறது: அதுதான் கன்வெர்ட்டரின் இடம்.

தேவாங்கு (செவ்வாய், காலை 6.45)

எல்லாரும் மருந்து எழுதிவிட்டீர்கள், நோயாளியின் நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

மடையான், நாரை சின்னதாக வருவது ஒரு பிரச்சினை. வெண்ணெய் மாதிரி வருவது வேறு பிரச்சினை. 1185 பிக்சலில் ஒரு நாரை கிடைத்தால் இறகின் ஓரங்கள் தெரிந்தாக வேண்டும். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் வேறு எங்கேயோ கோளாறு. மூன்று கேள்வி.

லென்ஸின் முன்னால் ஃபில்டர் ஏதாவது இருக்கிறதா? எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்? காரில் ஏசி போட்டுக்கொண்டு லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு போனீர்களா?

மடையான் (செவ்வாய், இரவு 8.30)

1. இருக்கிறது. லென்ஸை விற்றவர் "கண்ணாடிக்குப் பாதுகாப்பு" என்று ஒரு யூவி ஃபில்டரைச் சேர்த்தே கொடுத்தார். எந்தக் கம்பெனி என்று அதிலேயே எழுதவில்லை.
2. போய்ச் சேரவே ஒன்பதரை ஆகிவிடும். பத்திலிருந்து பன்னிரண்டு வரை எடுப்பேன்.
3. மடியில் இல்லை, பின்சீட்டில். ஏசி 18இல். இறங்கியதும் முன்கண்ணாடியில் ஆவி படியும், துடைத்துவிட்டு எடுக்க ஆரம்பிப்பேன்.

தேவாங்கு (செவ்வாய், இரவு 8.41)

மூன்றுக்கு மூன்று!

ஃபில்டரைக் கழற்றுங்கள், இன்றைக்கே. சின்ன லென்ஸில் மட்டமான ஃபில்டர் தெரியாது. 500இல் அந்தக் கண்ணாடியின் சின்ன மேடு பள்ளமும் பெரிதாகிப் படத்தில் உட்காரும். பாதுகாப்புக்கு ஹூட் இருக்கிறது.

துடைத்தது வெளியில் படிந்த ஆவியை. குழாய்க்குள் இருக்கும் குளிர்ந்த காற்றும் கண்ணாடிகளும் வெளிச்சூட்டுக்கு வர அரை மணியாவது ஆகும். அதுவரை உள்ளேயே கலங்கல்தான். பையை மூடி டிக்கியில் வையுங்கள், போய்ச் சேர அரை மணி இருக்கும்போது ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி உப்பளக்காற்று சொல்வார்.

உப்பளக்காற்று (புதன், காலை 5.50)

சொல்கிறேன். நான் இருப்பது வேதாரண்யம் பக்கம். கோடியக்கரையில் வெளிமான் எடுக்கப் பெரிய பெரிய லென்ஸோடு வருவார்கள், பத்து மணிக்கு. புல்வெளியில் 150 மீட்டரில் ஆண் மான் கொம்பை நிமிர்த்தி நிற்கும். வ்யூஃபைண்டரில் பார்த்தால் கால்கள் தண்ணீரில் நிற்பதுபோல் நெளியும். கானல். தரைக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து, ஒளி வரும் வழியில் கோணிக் கோணி வருகிறது. அதை எந்த லென்ஸாலும் நிமிர்த்த முடியாது. 600 எஃப் 4 வைத்திருந்தவரும் என் பழைய 300 வைத்திருந்த நானும் அன்று ஒரே மாதிரி கலங்கல்தான் எடுத்தோம். அவருடையது பெரிய கலங்கல், அவ்வளவுதான்.

கன்வெர்ட்டர் அந்த நெளிவையும் சேர்த்து 1.4 மடங்கு பெரிதாக்கும். அதிகாலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். நடுவில் படுத்துத் தூங்குங்கள், உடம்புக்கும் நல்லது.

மடையான் (ஞாயிறு, மாலை 6.20)

சோதனை முடிந்தது, முழுதாக எழுதுகிறேன். பூனைப்பருந்து அண்ணா தன் பழைய கன்வெர்ட்டரைக் கூரியரில் அனுப்பிவைத்தார். அதற்கே அவருக்கு ஒரு பெரிய கும்பிடு.

25 கிலோ அரிசிப் பையைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கவிட்டேன். எங்கள் மாடியிலிருந்து இருபது மீட்டர் இருக்கும். பக்கத்து வீட்டு மாமா "ரேஷன் கடை பூட்டிட்டாங்களா?" என்று கேட்டார். டிரைபாட், டைமர், விஆர் (லென்ஸின் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி) அணைத்து, லைவ் வ்யூவில், அதாவது பின்திரையில் பார்த்து, ஃபோகஸ். பையின் அடியில் "நிகர எடை" என்று பொடி எழுத்தில் இருக்கும் வரியைத்தான் பார்த்தேன்.

காலை ஆறரை, ஃபில்டரோடு: "நிகர எடை"யில் ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு மங்கல் கோடு. றகரமா நகரமா என்று யூகிக்க வேண்டியிருந்தது. ஃபில்டர் இல்லாமல்: சாக்கு இழையே எண்ணலாம். ஐயா, இந்த லென்ஸை ஒரு வருடமாகக் கண்ணைக் கட்டி வைத்திருந்திருக்கிறேன்.

கன்வெர்ட்டரோடு, ஃபில்டர் இல்லாமல்: எழுத்து பெரிதாக வந்தது, ஆனால் கறுப்பு கொஞ்சம் சாம்பலாக. எஃப் 8இலிருந்து எஃப் 11க்கு இறக்கினால் தேறியது. கன்வெர்ட்டர் இல்லாத படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்தால், இழையில் கொஞ்சம் கூடுதல் விவரம் இருக்கிறது என்பது நிஜம். தேடினால் தெரியும் அளவுக்கு.

மதியம் பன்னிரண்டு, சிமெண்டுத் தளம் கொதிக்கும்போது: கன்வெர்ட்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் "நிகர எடை" படிக்க முடியவில்லை. இருபது மீட்டரிலேயே இப்படி. வேடந்தாங்கலில் நான் பத்து மணிக்கு என்ன எடுத்துக்கொண்டிருந்தேன் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன்.

வ்யூஃபைண்டர் ஃபோகஸுக்கும் லைவ் வ்யூ ஃபோகஸுக்கும் வித்தியாசம் இருந்தது. ஃபோகஸை நுணுக்கமாகத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் டியூனில் மைனஸ் 6 வைத்ததும் சரியானது. கன்வெர்ட்டர் மாட்டினால் அதற்குத் தனியாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

பூனைப்பருந்து (ஞாயிறு, இரவு 7.00)

அப்போ கன்வெர்ட்டர் வேண்டாம்தானே? திருப்பி அனுப்ப அவசரம் இல்லை.

ஒளியச்சு (ஞாயிறு, இரவு 9.15)

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். இந்த இழையைப் படிப்பவர் ஒவ்வொருவரும் "கன்வெர்ட்டர் வீண்" என்று எழுந்து போய்விடக் கூடாது. மிரர்லெஸ் பாடியில் எஃப் 8, எஃப் 9 எல்லாம் முழுச் சட்டகத்திலும் ஃபோகஸ் செய்யும். சோனி 200-600ஓடு 1.4 போட்டால் 840இல் எஃப் 9, காலை வெயிலில் கரண்டிவாயன் பறக்கும்போதுகூடக் கண்ணைப் பிடிக்கிறது. டி7500 மாதிரியான டிஎஸ்எல்ஆர் காலத்து அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுத வேண்டாம்.

மடையானுக்கு இன்னொரு வழியும் உண்டு. பாடியை மட்டும் பிறகு மாற்றலாம். எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இதே 200-500 இசட் பாடியில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும், பறவைக் கண் கண்டுபிடிக்கும் வசதியும் கிடைக்கும். லென்ஸின் மோட்டார் அதேதான், அது வேகமாகிவிடாது. ஆனால் பின்னாளில் 180-600 வாங்கினால் இந்தப் பழைய கன்வெர்ட்டர் அதில் மாட்டாது, இசட் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். இப்போது டிசி-14இ வாங்காமல் இருக்க எனக்கு அதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது.

கிராப்புக்கு அஞ்சவும் வேண்டாம். 20.9 மெகாபிக்சலை 1.4 மடங்கு கிராப் செய்தால் பத்தரை மிஞ்சும். 12க்கு 8 அங்குலப் பிரிண்ட்டுக்கு அது தாராளம். லைட்ரூம் மென்பொருளில் 2023இல் வந்த டினாய்ஸ் (படத்தின் புள்ளி இரைச்சலை நீக்கும் வசதி) மாலை நேரப் படங்களுக்கு ஒரு ஸ்டாப்புக்கு மேல் திருப்பித் தருகிறது.

கணக்குப்பிள்ளை (ஞாயிறு, இரவு 9.40)

ஒளியச்சு சொன்ன கண் ஃபோகஸை என் கணக்கில் விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். 95 எம்எம் ஓட்டையில் கூர்மையாக ஃபோகஸ் ஆன நாரை, 89 எம்எம் ஓட்டை தவறவிட்ட நாரையைவிட நிச்சயம் பெரியது. 180-600 உள்ளுக்குள்ளேயே ஜூம் ஆவதால் முன்பாரம் மாறாது, டிரைபாடில் மாட்டும் வளையத்தோடு 2140 கிராம். 200-500 லென்ஸோ 2300 கிராம், நீட்டினால் மூக்கு கனக்கும். அதற்காக வாங்குகிறேன் என்றால் வாங்கட்டும். தூரத்துக்காக என்று மட்டும் சொல்லக் கூடாது.

தாழைக்கோழி (திங்கள், காலை 9.00)

50 மீட்டருக்கு எப்படி வருவது என்று கேட்டிருந்தீர்கள். பறவையிடம் நீங்கள் போக வேண்டாம், பறவை ஏற்கெனவே மனிதர்களிடம் வந்திருக்கும் இடத்துக்குப் போங்கள். எங்கள் நெல்லைச் சீமையில் கூந்தன்குளம். நாங்குநேரிப் பக்கம். ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டும். ஊர்க்காரர்கள் அதை விரட்ட மாட்டார்கள், அது வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. நீங்களும் சத்தம் போடாமல், மரத்தடியில் போய் நிற்காமல், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். குடை கொண்டு வாருங்கள். மழைக்கு அல்ல.

லென்ஸைத் தாங்கி வைக்கும் பீன்பேக் இருந்தால் காலிப் பையாகக் கொண்டு வாருங்கள், இங்கே வந்து அரிசி நிரப்பிக்கொள்ளலாம். போகும்போது பொங்கியும் சாப்பிடலாம்.

மடையான் (இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.50)

போய் வந்தேன். ரயிலில், அதனால் ஏசிக் கார் பிரச்சினையும் இல்லை.

காலை ஆறே முக்காலுக்குத் தெருவில் நிற்கிறேன். ஒரு வேப்பமரம், அதில் ஏழு கூடு. 500இல் பார்த்தால் கழுத்து மட்டும்தான் சட்டகத்துக்குள் இருக்கிறது! 200க்கு இறக்கியும் இறக்கை விரித்தால் நுனி வெட்டுப்பட்டது. மூக்கின் அடியில் அந்த மஞ்சள் ஆரஞ்சாக மாறுகிற இடம், முகத்தில் சுருக்கம், ஒரு குஞ்சின் அலகில் ஒட்டியிருந்த மீன் செதில், எல்லாம் இருக்கிறது. ஐஎஸ்ஓ 640, நொடியில் 1600இல் ஒரு பங்கு, எஃப் 5.6. டீ கொடுத்த ஆச்சி, "இவ்வளவு பெரிய குழாயில பக்கத்து வீட்டையா எடுக்க?" என்று கேட்டார். பதில் இல்லை. குடையை மறந்துவிட்டேன், சட்டையைப் பற்றிப் பேச வேண்டாம்.

கன்வெர்ட்டர் வாங்கவில்லை. பூனைப்பருந்து அண்ணா, உங்களுடையது நாளை கூரியரில் கிளம்புகிறது. அனுப்புவதற்கு முன் செம்பருத்தியில் தேன்சிட்டை ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன், தும்பிப்பித்தன் சொன்னது சரி. தவணை யோசனையைத் தீபாவளிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

அந்த யூவி ஃபில்டர், 95 எம்எம், யாருக்காவது வேண்டுமா? இலவசம்.

புதுவரவு_குமரி (திங்கள், காலை 8.12)

வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். என்னிடம் 180-600 இருக்கிறது, அதுவும் 95 எம்எம்தான். ஃபில்டரை அனுப்ப முடியுமா சார்? கூரியர் செலவு நான் தந்துவிடுகிறேன்.

தேவாங்கு (திங்கள், காலை 8.14)

தம்பி, முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டு வாங்க.